டார்வின் தினம்: ஊர் நூலகத்தில் என்னென்ன செய்யலாம்? யோசனை சொல்லுங்கள்

சாத்தனூர்_டீச்சர் | ஜனவரி 6

எல்லோருக்கும் வணக்கம். பெரம்பலூர் மாவட்டத்தில் ஓர் அரசுப் பள்ளியில் அறிவியல் நடத்துகிறேன். பிப்ரவரி 12 சார்லஸ் டார்வினின் பிறந்தநாள். அன்று மாலை எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் பரிணாமம் பற்றி ஊர்க்காரர்களுக்காக ஒரு நிகழ்ச்சி நடத்த ஆசை. நூலகர் இடம் தருகிறேன் என்று சொல்லிவிட்டார். முன்னால் இருக்கிற திடலையும் பயன்படுத்திக்கொள்ளலாம்.

நம் மாநிலப் பாடத்திட்டத்தில் 10-ஆம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் 'உயிரின் தோற்றமும் பரிணாமமும்' என்று ஒரு பாடமே இருக்கிறது. பிள்ளைகள் படிக்கிறார்கள், எழுதுகிறார்கள், மார்ச் முடிந்ததும் விட்டுவிடுகிறார்கள். வீட்டில் யாரும் இதைப் பற்றிப் பேசுவதில்லை. கேட்டால் "குரங்கிலிருந்து மனுசன் வந்தான், அதானே" என்பார்கள். அவர்கள் அறிந்திருக்கும் அந்த ஒரு வரியும் தவறு.

எனக்குச் சொற்பொழிவு வேண்டாம். மேடை, மாலை, பொன்னாடை எதுவும் வேண்டாம். வருகிறவர்கள் தொட்டுப் பார்க்க, செய்து பார்க்க, கேள்வி கேட்க வேண்டும். பக்கத்திலேயே சாத்தனூர் கல்மரம் கிடக்கிறது. 18 மீட்டர் நீளம், சுமார் 12 கோடி ஆண்டு வயது. 1940-இல் புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் அடையாளம் காட்டியது. எங்கள் ஊரில் பாதிப் பேர் அதன் முன்னால் நின்று படம் எடுத்திருக்கிறார்கள். ஆனால் அது பூக்கும் மரங்கள் பெருகுவதற்கு முந்தைய காலத்து மரம், அது நின்ற காட்டில் மாவும் இல்லை புளியும் இல்லை என்று சொன்னால் வியப்பாகப் பார்க்கிறார்கள். அந்த வியப்பிலிருந்து தொடங்க நினைக்கிறேன். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

நாக்ஸ்வில்_தமிழன் | ஜனவரி 6

டீச்சர், அருமையான எண்ணம். நான் அமெரிக்காவில் டென்னசி மாநிலத்தில் இருக்கிறேன். இங்கே டென்னசி பல்கலைக்கழகத்தில் 1997 முதல் ஆண்டுதோறும் டார்வின் தினம் நடக்கிறது. அது தொடங்கிய காரணம் உங்களுக்கு உதவும். அதற்கு முந்தைய ஆண்டு, பரிணாமத்தை உண்மை என்று நடத்துகிற ஆசிரியரை வேலையை விட்டு நீக்கலாம் என்று மாநிலச் சட்டமன்றத்தில் ஒரு மசோதா வந்தது. தோற்றுப்போனது. ஆனாலும் பல்கலைக்கழகத்தில் இருந்தவர்கள், மசோதாவை எதிர்த்ததோடு வேலை முடியவில்லை, மக்களிடம் போய்ப் பேச வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். பேச்சு, கண்காட்சி, பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி என்று தொடங்கினார்கள்.

இதே மாநிலத்தில் டேட்டன் என்ற சிற்றூரில்தான் 1925 ஜூலையில் ஜான் ஸ்கோப்ஸ் என்ற இளம் ஆசிரியர்மேல் பரிணாமம் நடத்தியதாக வழக்கு நடந்தது. 100 டாலர் அபராதம். இரண்டு ஆண்டு கழித்து மேல்நீதிமன்றம் நடைமுறைக் காரணம் காட்டித் தீர்ப்பை ரத்து செய்தது. ஆனால் சட்டம் 1967 வரை இருந்தது. இன்று அந்த ஊரே அந்த வழக்கை ஆண்டுதோறும் நாடகமாகப் போடுகிறது. வழக்கில் எதிரெதிராக நின்ற வழக்கறிஞர்கள் பிரையன், டாரோ இருவரின் சிலைகளும் நீதிமன்ற வாசலில் இருக்கின்றன.

இங்கே நான் பார்த்துப் புரிந்துகொண்டது ஒன்று: ஆசிரியர்களுக்கு நடத்தும் பயிற்சிதான் நிலைத்துப் பலன் தருகிறது. கேள்வி வரும்போது பயப்படாமல் பதில் சொல்கிற ஆசிரியர் ஒருவர் ஊரில் இருந்தால் போதும். உங்கள் வட்டாரத்து மற்ற ஆசிரியர்களையும் அழையுங்கள்.

கருப்புச்சட்டை | ஜனவரி 7

டீச்சருக்கு வாழ்த்துகள். என் கருத்தை நேராகவே சொல்லிவிடுகிறேன். இந்த நாட்டில் இது வெறும் அறிவியல் நிகழ்ச்சியாக இருக்க முடியாது. 2018 ஜனவரியில் மத்திய இணை அமைச்சர் ஒருவரே டார்வின் சொன்னது தவறு, பாடப்புத்தகத்திலிருந்து எடுக்க வேண்டும் என்றார். நாட்டின் மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து மறுப்பு அறிக்கை விட வேண்டியிருந்தது. பிறகு மத்திய அரசின் பாடநூல் அமைப்பான என்.சி.இ.ஆர்.டி.யின் 10-ஆம் வகுப்புப் புத்தகத்தில் 'மரபும் பரிணாமமும்' என்ற பாடம் வெறும் 'மரபு' ஆகிப்போனது. முதலில் கொரோனா காலச் சுமைக் குறைப்பு என்றார்கள், அப்புறம் நிரந்தரமாகவே எடுத்துவிட்டார்கள். 2023 ஏப்ரலில் 1,800-க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் கையெழுத்திட்டு எதிர்ப்புத் தெரிவித்தார்கள். 12-ஆம் வகுப்பில் இருக்கிறதே என்று பதில் வந்தது. 10-க்குப் பிறகு உயிரியல் எடுக்காத பிள்ளை அதை எங்கே படிக்கும்?

அதனால் நிகழ்ச்சியில் இதை வெளிப்படையாகப் பேச வேண்டும். படைப்புக் கதைகளையும் கேள்வி கேட்க வேண்டும். பூசி மெழுகினால் பயன் இல்லை.

இரு_பிள்ளைகளின்_அம்மா | ஜனவரி 7

கருப்புச்சட்டை அண்ணா, நீங்கள் சொல்வதில் பாடப்புத்தகம் பற்றிய பகுதி எனக்கும் கோபம் வருகிற விஷயம்தான். என் பெரியவன் சி.பி.எஸ்.இ. பள்ளியில் படிக்கிறான். ஆனால் நாங்கள் தினமும் வீட்டில் ஜெபம் சொல்கிற குடும்பம். நிகழ்ச்சி அழைப்பிலேயே "உங்கள் நம்பிக்கையைக் கேள்வி கேட்கப் போகிறோம்" என்று இருந்தால் நான் வரமாட்டேன். என் பிள்ளைகளையும் அனுப்பமாட்டேன். அப்போது யாருக்கு நஷ்டம்? ஏற்கெனவே ஒத்துக்கொண்டவர்கள் மட்டும் வந்து ஒருவருக்கொருவர் கைதட்டிக்கொள்வீர்கள்.

டீச்சரிடம் ஒரு கேள்வி. ஒரு அம்மாவாக எனக்குப் பதில் தெரியவில்லை. என் சின்னவள் கேட்டாள்: குரங்குதான் மனுசன் ஆச்சுன்னா இன்னும் ஏன் குரங்கு இருக்கு?

சாத்தனூர்_டீச்சர் | ஜனவரி 7

சின்னவள் கேட்டது நல்ல கேள்வி. இப்படிச் சொல்லிப் பாருங்கள். குலதெய்வம் கோயிலுக்கு ஆண்டுக்கு ஒரு முறை போகிறோம். மதுரையிலிருந்து ஒரு குடும்பம் வருகிறது, திருச்சியிலிருந்து ஒன்று, சென்னையிலிருந்து ஒன்று. எல்லோரும் பங்காளிகள். பல தலைமுறைக்கு முன்னால் ஒரே வீட்டில் இருந்தவர்கள் வேறு வேறு ஊருக்குப் பிரிந்து போனார்கள். மதுரைப் பங்காளி சென்னைப் பங்காளிக்குத் தாத்தா இல்லை. அதனால் "சென்னைக்காரர் வந்த பிறகும் மதுரைக்காரர் ஏன் இன்னும் இருக்கிறார்" என்று யாரும் கேட்பதில்லை. சிம்பன்சியும் நாமும் அப்படித்தான். 60, 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த, சிம்பன்சியும் அல்லாத மனிதனும் அல்லாத ஒரு மூதாதையிடமிருந்து இரண்டு கிளைகள் பிரிந்தன. தெருவில் நாம் பார்க்கிற குரங்கு அதைவிடத் தூரத்துப் பங்காளி.

கருப்புச்சட்டை அவர்களே, பாடப்புத்தகச் செய்தியை ஒரு அட்டையில் எழுதி வைக்கிறேன். அது நடந்த செய்தி, மறைக்க ஒன்றும் இல்லை. ஆனால் கடவுள் உண்டா இல்லையா என்ற விவாதம் அன்று இல்லை. பரிணாமத்துக்கு அந்த விவாதம் தேவையும் இல்லை. கல்லும் எலும்பும் தங்களுக்காகப் பேசிக்கொள்ளும்.

வாலஸ்_வாசகன் | ஜனவரி 8

நம்பிக்கை பற்றி ஒரு வார்த்தை. மரபியலையும் பரிணாமத்தையும் இணைத்தவர்களில் முக்கியமானவர் தியோடோசியஸ் டாப்ஷான்ஸ்கி. ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர். புள்ளியியலாலும் மரபியலாலும் டார்வினுக்குக் கணித அடித்தளம் போட்ட ரொனால்ட் ஃபிஷர் ஆங்கிலிகன் திருச்சபைக்காரர். இன்னொரு பக்கம் ஜே.பி.எஸ். ஹால்டேன் நாத்திகர், மார்க்சியர். 1957-இல் இந்தியாவுக்கு வந்து இங்கேயே குடியேறி, 1964-இல் புவனேஸ்வரத்தில் இறந்தவர். மூவரும் ஒரே அறிவியலைத்தான் செய்தார்கள்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். சுவரில் டார்வின் படம் மட்டும் மாட்டாதீர்கள். ஆல்ஃபிரட் ரசல் வாலஸ் படமும் இருக்கட்டும். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அவர் கதைதான் நெருக்கமாக இருக்கும். குடும்பத்தில் பணம் இல்லாததால் 14 வயதில் பள்ளியை விட்டவர். பல்கலைக்கழகப் படியே மிதிக்கவில்லை. பூச்சிகளையும் பறவைகளையும் சேகரித்து விற்று அந்தப் பணத்தில் அமேசானுக்கும் மலாய்த் தீவுகளுக்கும் போனார். 1858-இல் அங்கே காய்ச்சலில் கிடந்தபோது இயற்கைத் தேர்வு (சூழலுக்கு ஒத்துவருகிறவை அதிகம் பிழைத்துப் பெருகுவதால் இனம் மாறுகிறது) என்ற எண்ணம் அவருக்கும் தனியாகவே தோன்றியது. எழுதி டார்வினுக்கே அனுப்பினார். அந்த ஆண்டு ஜூலை 1-ஆம் தேதி லண்டன் லின்னேயன் கழகத்தில் இருவர் எழுத்தும் சேர்த்தே வாசிக்கப்பட்டன. டார்வினின் 'உயிரினங்களின் தோற்றம்' புத்தகம் வந்தது அடுத்த ஆண்டு நவம்பரில்.

கர்ணப்புறா | ஜனவரி 8

நான் வடசென்னையில் புறா வளர்க்கிறவன். அப்பா காலத்திலிருந்தே மாடியில் கூண்டு உண்டு. இந்த இழையைப் பார்த்ததும் எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது.

டார்வின் தன் புத்தகத்தை எதில் தொடங்குகிறார் தெரியுமா? அவர் பயணத்தில் பார்த்த கலாபகோஸ் தீவுகளில் இல்லை. புறாவில். முதல் அத்தியாயமே வீட்டு விலங்குகளும் புறாக்களும்தான். கிடைத்த எல்லா வகைப் புறாவையும் வாங்கி வீட்டில் வளர்த்தார், லண்டன் புறா வளர்ப்போர் சங்கங்களில் சேர்ந்தார். விசிறிவாலும், பந்து மாதிரி நெஞ்சை ஊதுகிறதும், குட்டிக்கரணம் அடிக்கிறதும் பார்த்தால் வேறு வேறு பறவை என்றே தோன்றும். எல்லாமே மாடப்புறாவிலிருந்து வந்தவை என்று அவர் காட்டினார். நம் கோயில் கோபுரத்தில் அடைகிற அதே மாடப்புறா. ஒவ்வொரு தலைமுறையிலும் தனக்குப் பிடித்த ஜோடியை மனிதன் தேர்ந்தெடுத்துச் சேர்த்ததால் வந்த மாற்றம். ஆள் இல்லாமல் இயற்கையே அதைச் செய்கிறது என்பதுதான் புத்தகத்தின் அடுத்த படி.

நமக்கு நேராகச் சம்பந்தம் உள்ள செய்தி இதிலேயே இருக்கிறது. உலகின் பல மூலைகளிலிருந்து புறாத் தோல்களை வரவழைத்தேன் என்று சொல்லும் இடத்தில், இந்தியாவிலிருந்து அனுப்பியவர் என்று டபிள்யூ. எலியட் பெயரைக் குறிப்பிடுகிறார். அவர்தான் மெட்ராஸ் ராஜதானியில் அதிகாரியாக இருந்த வால்டர் எலியட், அமராவதிச் சிற்பங்களைத் தோண்டி மெட்ராஸுக்குக் கொண்டுவந்தவர். 1856-இல் டார்வின் அவருக்குக் கடிதம் எழுதிப் புறாவும் கோழியும் கேட்டிருக்கிறார். உலகத்தை மாற்றிய அந்தப் புத்தகத்தில் நம்மூர்ப் பக்கத்துப் புறாவுக்கும் பங்கு இருக்கிறது. எனக்கு இதை நினைத்தால் இன்றைக்கும் பெருமையாக இருக்கிறது.

டீச்சர், உங்கள் ஊரிலும் புறா வளர்க்கிற பையன்கள் இருப்பார்கள். படிப்பு வராதவன் என்று ஆசிரியர்கள் ஒதுக்கிய பையனாகக்கூட இருப்பான். அவனைக் கூப்பிட்டு, நல்ல கர்ணம் அடிக்கிற குஞ்சு வேண்டுமென்றால் எந்த ஜோடியைச் சேர்ப்பாய் என்று எல்லோர் முன்னாலும் கேளுங்கள். டார்வின் புத்தகத்தின் முதல் அத்தியாயத்தை அவன் வாயாலேயே சொல்வான்.

பருத்திக்காடு | ஜனவரி 9

டீச்சர், நானும் உங்கள் மாவட்டம்தான். பருத்தியும் மக்காச்சோளமும் போடுகிறேன். கர்ணப்புறா தம்பி எழுதியதைப் படித்த பிறகு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

2002-இல் பி.டி. பருத்திக்கு அனுமதி வந்தது. புழுவைக் கொல்லும் நச்சுப் புரதத்தைச் செடியே உண்டாக்குகிற மாதிரி மரபணு மாற்றிய பருத்தி. காய்ப்புழு தின்றால் சாகும். சில ஆண்டுகள் நன்றாக இருந்தது. 2010-இல் குஜராத்தில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு அதைத் தின்றும் சாகவில்லை என்ற செய்தி வந்தது. அப்புறம் இரண்டு நச்சுப் புரதம் வைத்த இரண்டாம் வகையும் அந்தப் புழுவிடம் தோற்றது. விவசாயிகள் பலர் "புழு மருந்துக்குப் பழகிப்போச்சு" என்பார்கள். பழகவில்லை. லட்சக்கணக்கான புழுவில் ஏதோ ஒன்றிரண்டு முன்னாலேயே தாங்கும் தன்மையோடு இருந்தன. மற்றவை செத்தன, இவை பிழைத்து அந்துப்பூச்சியாகி முட்டையிட்டன. வருடா வருடம் அதே வடிகட்டல். கடைசியில் காட்டில் இருப்பதெல்லாம் அவற்றின் வாரிசுதான்.

முன்பெல்லாம் விதைப் பையோடு ஒரு சின்னப் பொட்டலம் தனியாக வந்ததே, பி.டி. இல்லாத விதை. ஓரத்தில் ஐந்து வரிசை அதைப் போடச் சொல்லியிருந்தார்கள். எங்கள் பக்கம் அதைத் தூக்கிப் போட்டவர்கள்தான் அதிகம். புழுவுக்கு எதற்குத் தீனி வைக்க வேண்டும் என்று நினைத்தார்கள். அது எதற்கென்று யாரும் புரிகிற மாதிரி சொல்லவில்லை. அந்த ஓர வரிசையில் தாங்கும் தன்மை இல்லாத புழு பிழைக்கும். அதன் அந்துப்பூச்சி, அங்கொன்று இங்கொன்றாகப் பிழைத்த தாங்கும் பூச்சியோடு சேரும். பிறக்கிற புழுக்கள் பெரும்பாலும் அந்த நஞ்சுக்குச் சாகும். தாங்கும் தன்மை பெருகுவது தள்ளிப்போகும். இளஞ்சிவப்புப் புழு பருத்தியை விட்டால் வேறு பயிருக்கு அதிகம் போகாது, அதனால் அந்த வரிசைகள் இன்னும் முக்கியமாக இருந்தன. பரிணாமம் தெரியாததால் விவசாயிக்குக் கைநஷ்டம் ஆனது. இதை ஊர் ஆட்களிடம் நான் சொல்கிறேன். என்னிடம் நேரம் இருக்கிறது.

இரவுப்பணி | ஜனவரி 9

நான் செவிலியர். பருத்திக்காடு ஐயா சொன்ன அதே கதைதான் வார்டில் நடக்கிறது. காசநோய்க்கு ஏன் முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து சேர்த்துத் தருகிறோம்? ஒரே மருந்தைத் தந்தால் அதைத் தாங்கும் கிருமிகள் தேர்ந்து பெருகும். 1940-களில் ஸ்ட்ரெப்டோமைசினை மட்டும் தந்தபோதே இது தெரிந்துவிட்டது. ஒரு கிருமியே நான்கையும் ஒருசேரத் தாங்குவது மிக அரிது. அதனால்தான் நான்கு. இருமல் நின்றதும் மாத்திரையை நிறுத்துகிறவர்களிடம் இதைச் சொன்னால் புரிந்துகொள்கிறார்கள். "டாக்டர் சொன்னார், சாப்பிடுங்கள்" என்பதைவிட இது நன்றாக எடுபடுகிறது.

மருந்துக் கடையில் சளிக்கு ஆன்டிபயாட்டிக் கேட்டு வாங்குவதைப் பற்றியும் ஒரு அட்டை வையுங்கள் டீச்சர்.

அடியார்_நெல்லை | ஜனவரி 10

நல்ல இழை. பணிவோடு ஒரு யோசனை. தசாவதாரத்தை வைத்துத் தொடங்கலாமே? மச்சம் நீரில், கூர்மம் நீரிலும் நிலத்திலும், வராகம் நிலத்தில், அப்புறம் பாதி விலங்கு பாதி மனிதன், பிறகு குள்ள மனிதன், முழு மனிதன். பெரியவர்களுக்கு உடனே பிடிபடும். எதிர்ப்பும் வராது.

எலும்புத்தேடி | ஜனவரி 10

ஐயா, நான் தொல்லுயிரியல் ஆய்வு மாணவி. உங்கள் நோக்கம் புரிகிறது. ஆனால் அது வேண்டாம் என்றுதான் சொல்வேன். அந்த வரிசையில் மனிதனை நோக்கியே எல்லாம் ஏறி வருவதாக ஒரு எண்ணம் ஒளிந்திருக்கிறது. பரிணாமத்தில் அப்படி ஓர் இலக்கு இல்லை. குளத்துக் கெண்டையும் நானும் ஒரே அளவு காலம் பரிணமித்து வந்தவர்கள். அது பாதியில் நின்றுவிட்ட உயிர் இல்லை. இன்னொன்று, அவதாரக் கதைக்கு அதை நம்புகிறவர் மனதில் இருக்கும் இடம் வேறு. அதற்குப் புதைபடிவம் சாட்சி சொல்ல வேண்டியது இல்லை. நாளைக்கு ஒரு புதைபடிவம் அந்த வரிசைக்குப் பொருந்தாமல் போனால் பக்தி என்ன ஆகும்?

இலக்கு இல்லை என்பதற்கு நான் எப்போதும் சொல்வது திமிங்கிலம். நிலத்தில் நான்கு காலில் நடந்த ஒன்று திரும்பக் கடலுக்குப் போன கதை. அதன் முக்கியமான சான்றுகள் நம் நாட்டு மண்ணிலிருந்து வந்தவை, நம்மில் பெரும்பாலோருக்கு அது தெரியாது. கட்ச் பாலைவனத்தில் அசோக் சாஹ்னியும் அவர் வழிவந்தவர்களும் பழைய திமிங்கிலங்களின் எலும்புகளைத் தேடி எடுத்தார்கள். சிறிய கால்களோடும் நீண்ட வாலோடும் இருந்த ஒன்றுக்கு 'கட்சிசீட்டஸ்' என்று அந்த மண்ணின் பெயரே இருக்கிறது.

அதற்கும் முந்தைய கண்ணி ஜம்மு-காஷ்மீரில் இருந்தது. ஏ. ரங்கராவ் என்ற இந்தியப் புவியியலாளர் காலாகோட் பகுதியில் பாறைகளைச் சேகரித்து வைத்திருந்தார். அவற்றையெல்லாம் பிரித்துப் பார்ப்பதற்குள் இறந்துவிட்டார். பெட்டி பெட்டியாகக் கற்கள் அப்படியே கிடந்தன. பிறகு அவர் மனைவி அவற்றை ஹான்ஸ் தெவிசன் என்ற ஆய்வாளரிடம் கொடுத்தார். ஆய்வகத்தில் கல்லைச் சுத்தம் செய்துகொண்டிருந்த உதவியாளர் கையில் ஒரு மண்டை ஓட்டின் காது எலும்பு தற்செயலாக உடைந்தது. உள்ளே பார்த்தால் அந்த எலும்பின் ஒரு பக்கச் சுவர் மட்டும் தடித்து இருந்தது. அப்படித் தடித்த காதுச் சுவர் திமிங்கிலக் குடும்பத்தின் அடையாளம். ஆனால் அந்த விலங்கோ சின்ன மான் மாதிரி, பூனையைவிடச் சற்றுப் பெரியது, குளம்புக் கால். அதுதான் இண்டோஹையஸ். 4.8 கோடி ஆண்டு பழையது. கால் எலும்புகள் நீர்யானையுடையதுபோலக் கனத்திருந்தன, தண்ணீருக்குள் மிதக்காமல் நடக்க உதவும். கட்டுரை வந்தது 2007-இல். ரங்கராவ் அதைப் பார்க்கவில்லை. அவர் பொறுக்கிய கல் இல்லாமல் அந்தக் கதையே இல்லை. உங்கள் பிள்ளைகளிடம் அவர் பெயரைச் சொல்லுங்கள் டீச்சர்.

சாத்தனூர்_டீச்சர் | ஜனவரி 10

கட்டாயம் சொல்கிறேன் அம்மா. காலத்தை எப்படிக் காட்டுவது? கோடி கோடி என்று சொன்னால் யார் மனதிலும் ஒட்டாது.

எலும்புத்தேடி | ஜனவரி 11

கயிறு. 46 மீட்டர் நீளக் கயிறு ஒன்று வாங்குங்கள். பூமியின் வயது சுமார் 460 கோடி ஆண்டு. ஒரு மீட்டருக்கு 10 கோடி ஆண்டு, ஒரு சென்டிமீட்டருக்கு 10 லட்சம், ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு லட்சம். நம்முடைய கோடி, லட்சக் கணக்குக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்தும். திடலில் ஒரு முனையில் பூமி, மறு முனையில் இன்று. இன்றைய முனையிலிருந்து பின்னோக்கி அளந்து துணி கட்டுங்கள்.

35 மீட்டரில் நுண்ணுயிர்கள். 24 மீட்டர் சுமாரில் காற்றில் ஆக்சிஜன் சேரத் தொடங்குகிறது. கண்ணுக்குத் தெரியும் விலங்குகள் பெருகுவது 5.4 மீட்டருக்கு வந்த பிறகுதான், அதற்குள் கயிற்றில் பெரும்பகுதி தாண்டிப் போய்விடும். 3.75 மீட்டரில் வடதுருவப் பக்கம் கனடாவின் எல்ஸ்மியர் தீவில் தொல்லுயிரியலாளர் நீல் ஷூபின் குழு எடுத்த டிக்டாலிக். துடுப்புக்குள் மணிக்கட்டு எலும்பு இருக்கிற மீன். இந்த வயதுப் பாறையில், ஆழமில்லாத ஆற்று வண்டலில் தேடினால் கிடைக்கும் என்று முன்கூட்டியே கணித்து, பல கோடைகள் தேடி, 2004-இல் எடுத்தார்கள். உங்கள் கல்மரம் 1.2 மீட்டரில். காரை, அரியலூர்ப் பக்கம் கிடைக்கிற, அம்மோனைட் என்ற கடல் உயிரின் சுருள் ஓடுகள் ஒரு மீட்டருக்கு இரு பக்கமும். அப்போது உங்கள் மாவட்டத்தின் ஒரு பகுதி கடலுக்கு அடியில் இருந்தது. 66 சென்டிமீட்டரில் டைனோசரும் அம்மோனைட்டும் முடிந்தன. இண்டோஹையஸ் 48 சென்டிமீட்டர். திருவக்கரைக் கல்மரங்கள் 20. சென்னைக்கு வடமேற்கே அத்திரம்பாக்கத்தில் தொல்லியலாளர் சாந்தி பப்பு குழு காலம் கணித்த கற்கருவிகள் ஒன்றரை சென்டிமீட்டர். நம் இனமான ஹோமோ சேப்பியன்ஸ் 3 மில்லிமீட்டர்.

பெரியவர்களைக் கயிற்றோடு நடக்கச் சொல்லுங்கள். நடந்தால்தான் அந்த நீளம் உடம்பில் ஏறும்.

மேற்குமலை | ஜனவரி 12

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். இனங்கள் எப்படிப் பிரிகின்றன என்று காட்ட எங்கள் மலையில் ஒரு தவளை இருக்கிறது. 2003-இல் கேரளப் பக்கத்தில் ஊதாநிறத் தவளை ஒன்றை ஆய்வாளர்கள் பிஜுவும் பொசுயிட்டும் புதிய இனமாக விவரித்தார்கள். ஆண்டு முழுவதும் மண்ணுக்கடியில் இருந்து, மழை தொடங்கும்போது சில நாள் மட்டும் வெளியே வரும். அதன் நெருங்கிய உறவுத் தவளைகள் இருப்பது இந்தியப் பெருங்கடலில் செஷல்ஸ் தீவுகளில். தவளை உப்புக் கடலை நீந்திக் கடக்காது. இந்தியாவும் செஷல்ஸும் ஒரே நிலமாக ஒட்டியிருந்த காலத்து மூதாதையின் வாரிசுகள் இரண்டு பக்கமும் தங்கிவிட்டன.

2017-இல் அதன் தமிழ்நாட்டுப் பங்காளியை எங்கள் மலையின் கிழக்குச் சரிவில் கண்டு தனி இனமாக விவரித்தார்கள். கோயம்புத்தூர் சலீம் அலி மையத்தில் ஊர்வன ஆய்வாளராக இருந்து மறைந்த பூபதியின் பெயரை வைத்தார்கள். மேற்கே இருப்பது தென்மேற்குப் பருவமழைக்கு இணை சேரும், இங்கே இருப்பது வடகிழக்குப் பருவமழைக்கு. நடுவே மலை. காலமும் வேறு, இடமும் வேறு, இரண்டும் சேர வாய்ப்பே இல்லை. ஐப்பசி மழை என்றால் நம் எல்லோருக்கும் தெரியும் அல்லவா, அது இரண்டு தவளை இனங்களைப் பிரித்து வைத்திருக்கிறது என்று சொல்லுங்கள். எங்கள் ஊரில் ஓடைக்குப் போகிறவர்களிடம் இதைச் சொன்ன பிறகு தவளையைப் பார்க்கிற பார்வையே வேறாகிவிட்டது.

கருப்புச்சட்டை | ஜனவரி 12

எல்லாவற்றையும் படித்தேன். விவாதம் தேவை என்ற என் கருத்து மாறவில்லை, அதற்கு வேறு மேடை பார்த்துக்கொள்கிறேன். ஆனால் ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். "வலுத்தவன் வாழ்வான், அதுதான் இயற்கை" என்று சாதி ஏற்றத்தாழ்வுக்கும் பணக்காரன் ஏழை பேதத்துக்கும் டார்வினைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதற்கு என்ன பதில் வைக்கப்போகிறீர்கள்?

சாத்தனூர்_டீச்சர் | ஜனவரி 13

முக்கியமான கேள்வி. குருவி அலகு விளையாட்டை அதற்காகவே வைக்கிறேன். கலாபகோஸில் டாஃப்னி மேஜர் என்ற சிறு தீவில் பீட்டர், ரோஸ்மேரி கிராண்ட் தம்பதி 1973 முதல் குருவிகளை ஒவ்வொன்றாக வளையமிட்டு அளந்து வந்தார்கள். 1977-இல் கடும் வறட்சி. சிறு விதை தீர்ந்தது, பெரிய கடின விதைதான் மிச்சம். தடித்த அலகுள்ளவை அதிகம் பிழைத்தன, அடுத்த தலைமுறையின் சராசரி அலகே தடித்தது. 1982-83-இல் கொட்டித் தீர்த்த மழை. சிறு விதைகள் தீவெங்கும் பெருகின. அதன் பிறகு சிறிய அலகுள்ளவைக்கு வாழ்வு. அப்படியென்றால் எது வலுத்தது? சூழல் மாறினால் பதிலும் மாறும். எந்தக் குருவியும் எல்லாக் காலத்துக்கும் உயர்ந்தது இல்லை. மனிதர் மனிதரை எப்படி நடத்த வேண்டும் என்பதற்கு இதில் எந்தக் கட்டளையும் இல்லை.

விளையாட்டு எளிது. சாப்பாட்டுக் கரண்டி, துணிக் கிளிப், புருவம் பிடுங்கும் சிறு இடுக்கி இவைதான் அலகு. மொச்சை, பாசிப்பயறு, கடுகு விதைகள். ஒரு நிமிடத்தில் யார் எவ்வளவு எடுக்கிறார்கள் என்று பார்த்து, குறைவாக எடுத்தவர் வெளியே, நிறைய எடுத்தவருக்கு அதே கருவியோடு ஒரு 'பிள்ளை'. அடுத்த சுற்றில் மொச்சையை எடுத்துவிட்டுக் கடுகை மட்டும் கொட்டப்போகிறேன்.

இரவுப்பணி | ஜனவரி 13

வாசலிலேயே ஒன்று செய்யச் சொல்லுங்கள். கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் சேர்த்து மணிக்கட்டை மடக்கினால் நடுவே ஒரு நரம்பு மாதிரி புடைக்கும். அது நரம்பு இல்லை, ஒரு தசைநாண். ஏறத்தாழ ஏழில் ஒருவருக்கு அது இருக்காது, ஆனால் பிடியில் குறை ஒன்றும் தெரியாது. கை அறுவையில் வேறு இடத்தில் ஒட்ட அதை எடுத்துக்கொள்கிறார்கள். நம் உடம்பிலேயே இருக்கிற பழைய காலத்து மிச்சம். வருகிறவர்கள் பேச்சே இல்லாமல் பத்து நிமிடம் ஒருவர் கையை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

சாத்தனூர்_டீச்சர் | பிப்ரவரி 14

நிகழ்ச்சி நடந்தது. மழை இல்லை, மின்சாரமும் போகவில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

கயிறுதான் முதலிடம். நூலகத்துக்குப் பத்திரிகை படிக்க வருகிற பெரியவர்கள் பாதிக் கயிற்றில் "இன்னுமா ஒண்ணும் வரலை" என்று கேட்டுக்கொண்டே நடந்தார்கள். 3 மில்லிமீட்டரைப் பார்த்த ஒரு அம்மா தன் விரல் நகத்தை வைத்து அளந்து பார்த்தார். அலகு விளையாட்டில் மொச்சையை எடுத்ததும் கரண்டிக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். அந்த இடத்தில்தான் வறட்சியையும் மழையையும் பற்றிச் சொன்னேன்.

பருத்திக்காடு ஐயா நின்றுகொண்டே பேசினார். அவரைச் சுற்றி நின்றவர்கள் யாரும் என் பக்கம் வரவே இல்லை. மக்காச்சோளத்துக்கு வரும் படைப்புழுவுக்கும் இப்படித்தானா, மருந்தை மாற்றி மாற்றி அடிக்கச் சொல்வது இதனால்தானா என்று கேள்வி போய்க்கொண்டே இருந்தது.

கர்ணப்புறா தம்பி, நீங்கள் சொன்ன மாதிரியே ஒரு பையன் கிடைத்தான். ஒன்பதாம் வகுப்பு. வகுப்பில் வாய் திறக்கமாட்டான். கூண்டோடு வந்து எந்தச் சேவலை எந்தப் பெட்டையோடு விட வேண்டும், எந்தக் குஞ்சைக் கழிக்க வேண்டும் என்று விளக்கினான். எலியட் கதையை நான் சொன்னதும் "அந்தப் புறாத் தோல் இப்போ எங்க சார் இருக்கு" என்று நூலகரிடம் கேட்டான். தெரிந்தவர்கள் சொல்லுங்கள், அவனிடம் சொல்ல வேண்டும்.

கஷ்டமான கேள்விகளும் வந்தன. ஒரு தாத்தா, "அப்ப எல்லாம் தானா நடந்ததா, யாருமே செய்யலையா" என்றார். எப்படி நடந்தது என்பதற்கு இந்தக் கல்லும் எலும்பும் பதில் சொல்கின்றன ஐயா, அதற்குப் பின்னால் யாராவது உண்டா என்பது உங்கள் மனம் சார்ந்தது, அதை நான் தொடமாட்டேன் என்றேன். சிறிது நேரம் யோசித்துவிட்டுக் கல்மரம் பற்றிக் கேட்க ஆரம்பித்தார். அவர் பேத்திதான் அலகு விளையாட்டில் கடைசிவரை நின்றவள்.

இரு_பிள்ளைகளின்_அம்மா | பிப்ரவரி 14

படிக்கப் படிக்கச் சந்தோஷமாக இருக்கிறது டீச்சர். பங்காளி பதிலை என் சின்னவள் பள்ளியில் போய்ச் சொல்லியிருக்கிறாள். எங்கள் ஊரில் கோடை விடுமுறையில் இதைச் செய்ய முடியுமா? இடத்துக்கு ஆலய மண்டபத்தையே கேட்கிறேன். போதகர் மறுக்கமாட்டார் என்று நினைக்கிறேன்.

எலும்புத்தேடி | பிப்ரவரி 15

அக்கா, மே மாதம் என்றால் நான் வருகிறேன். கயிறும் டிக்டாலிக்கின் மாதிரி உருவமும் என்னிடம் இருக்கிறது. டீச்சர், அடுத்ததாகப் பிள்ளைகளை அரியலூர் வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போங்கள். அப்படியே காரைப் பக்கம் செம்மண் ஓடைகளையும் காட்டலாம். ஒன்று மட்டும்: பார்க்கட்டும், வரையட்டும், படம் எடுக்கட்டும், பையில் போட்டுக்கொண்டு வர வேண்டாம். எந்த அடுக்கில் கிடந்தது என்பது போய்விட்டால் அந்தக் கல்லுக்கு ஆய்வில் பாதி மதிப்பு போய்விடும்.

பருத்திக்காடு | பிப்ரவரி 15

வேன் ஏற்பாட்டை நான் பார்த்துக்கொள்கிறேன். இன்னொன்று டீச்சர், ஆடி ஆவணியில் பருத்தி போடுவதற்கு முன்னால் ஒரு கூட்டம் வேண்டும். அந்த பி.டி. இல்லாத விதை பற்றி மட்டும் பேச. பக்கத்து ஊர் ஆட்களும் கேட்கிறார்கள். நூலகம் போதாது, உலர்களத்தில் வைத்துக்கொள்ளலாம்.